கரண்ட் போய் வந்தால் கணினி எழ ஐந்து நிமிடம்: தொடக்கச் செயலிகளில் எதை வைப்பது, எதை எடுப்பது?

தட்டச்சுக்கடை, ரங்கூன்

வணக்கம். கடைக் கணினி ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ராத்திரி முறையாக நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால் சிக்கல் அவ்வளவாக இல்லை. நடுவில் கரண்ட் போய் வந்தால்தான் தொல்லை. டெஸ்க்டாப் தெரியும், மவுஸ் நகரும், ஆனால் எதைத் தட்டினாலும் திறக்காது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும்.

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் 14 வரிகள் உள்ளன. பர்மியத்துக்குக் கீமேஜிக், தமிழுக்கு என்எச்எம் ரைட்டர், வைபர், டெலிகிராம், ஒன்டிரைவ், எட்ஜ், பிரிண்டரோடு வந்த இரண்டு, ஆடியோ மேனேஜர், யூபிஎஸ் மென்பொருள் இப்படி. ‘ப்ரோகிராம்’ என்று மட்டும் பெயருள்ள ஒரு வரியும் இருக்கிறது, வெளியீட்டாளர் பெயர் காலி. எல்லாவற்றையும் நிறுத்தினால் விசைப்பலகை போய்விடும், கடை ஓடாது. போதாததற்கு, நிறுத்திய சில மறுபடி தானாகத் திறந்துகொள்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மோல்மேன் மெக்கானிக்

தம்பி, பட்டியலில் கை வைக்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். காலையில் வேகமாக வருவது முழுத் தொடக்கமே அல்ல. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் கணக்கை மூடிவிட்டு, கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் இருக்கும் நிலையை ‘ஹைபர்ஃபில்’ கோப்பில் எழுதி வைக்கும். மறுநாள் அதை அப்படியே நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளும். கரண்ட் பட்டென்று போனால் அந்தக் கோப்பு எழுதப்படுவதில்லை. அதனால் டிரைவர், சர்வீஸ் (பின்னணியில் சாளரமின்றி ஓடுபவை) எல்லாம் முதலிலிருந்து ஏறவேண்டும். ஸ்டார்ட்அப் பட்டியலில் உள்ளவை மட்டும் இரண்டு வகையிலும் ஒரே மாதிரி ஓடும்.

ஆகவே நேரம் பார்ப்பதாக இருந்தால் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பாருங்கள், அது எப்போதும் முழுத் தொடக்கம். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் அப்படித்தான். ஷட்டவுன் செய்து மறுபடி போட்டு அளந்தால் தவறான எண்தான் கிடைக்கும்.

எண்ணை இவென்ட் வியூவரில் பார்க்கலாம். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆப்பரேஷனல் என்று உள்ளே போங்கள். நிகழ்வு எண் 100-இல் பூட் நேரம் மில்லி நொடியில் இருக்கும். ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘மெயின்பாத் பூட்டைம்’, ‘பூட்போஸ்ட் பூட்டைம்’ என்ற இரண்டையும் எழுதிப் போடுங்கள். முதலாவது டெஸ்க்டாப் வரும்வரை. இரண்டாவது அதற்குப் பிறகு கணினி மூச்சு விடும்வரை. 101 இருந்தால் தாமதப்படுத்திய செயலி, 102 டிரைவர், 103 சர்வீஸ்.

தட்டச்சுக்கடை, ரங்கூன்

அண்ணே, ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்த்தேன். மெயின்பாத் 52,000 சுமார். போஸ்ட் பூட் 2,31,000. நிகழ்வு 101-இல் பிரிண்டர் மென்பொருளின் பெயரும் ஒன்டிரைவும் இருக்கின்றன.

மோல்மேன் மெக்கானிக்

அப்படியானால் விண்டோஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 52 நொடி இந்த டிஸ்குக்கு நியாயமான நேரம்தான். மிச்சம் நான்கு நிமிடம் போவது லாகின் ஆனபின் ஒரே நேரத்தில் எழும் செயலிகளால். போஸ்ட் பூட் கணக்கில் கணினி சும்மா இருப்பதை உறுதி செய்யும் 10 நொடியும் சேர்ந்திருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சயா, தட்டோன்

ஸ்டார்ட்அப் பக்கத்தைச் சரியாகப் படிக்க ஒரு குறிப்பு. ‘இம்பாக்ட்’ நிரலில் ‘ஹை’ என்றால் தொடக்கத்தில் சிபியு நேரம் 1 நொடிக்கு மேல், அல்லது டிஸ்கில் 3 எம்பிக்கு மேல் என்று பொருள். ‘லோ’ என்றால் 300 மில்லி நொடிக்கும் 300 கேபிக்கும் கீழ். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்கு இந்தச் சொல் போதாது, 4 எம்பியும் ஹை, 200 எம்பியும் ஹை. நிரல் தலைப்பில் வலது சொடுக்கு செய்து ‘டிஸ்க் ஐஓ அட் ஸ்டார்ட்அப்’, ‘சிபியு அட் ஸ்டார்ட்அப்’, ‘கமாண்ட் லைன்’ மூன்றையும் சேருங்கள். டிஸ்க் நிரலைக் கொண்டு வரிசைப்படுத்தினால் யார் திருடன் என்று தெரிந்துவிடும்.

நிறுத்தியது திரும்பி வருவதற்குக் காரணம், தொடக்கத்துக்கான வழி ஒன்றல்ல. ஸ்டார்ட்அப் பக்கம் காட்டுவது பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு) ‘ரன்’ சாவிகளையும் ஸ்டார்ட்அப் கோப்புறைகளையும்தான். ரன் சாவி உங்கள் கணக்குக்குத் தனியாக ஒன்று (கரண்ட் யூசர்), கணினிக்குப் பொதுவாக ஒன்று (லோக்கல் மெஷின்), 32 பிட் செயலிகளுக்கென ‘வாவ்6432நோட்’ கீழே ஒன்று. கோப்புறையும் இரண்டு. விண்டோஸ் சாவியோடு ஆர் அழுத்தி ‘ஷெல்:ஸ்டார்ட்அப்’ என்று கொடுத்தால் உங்களுடையது, ‘ஷெல்:காமன் ஸ்டார்ட்அப்’ என்றால் எல்லாருக்கும் பொதுவானது.

இவற்றைத் தாண்டி டாஸ்க் ஷெட்யூலரும் (குறித்த வேளையில் செயலிகளை எழுப்பும் விண்டோஸ் கருவி) சர்வீஸும் உண்டு. அப்டேட்டர்கள் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், ஸ்டார்ட்அப் பக்கத்தில் தலைகாட்டாது.

டாஸ்க் மேனேஜரில் டிஸேபிள் செய்தால் ரன் வரி அழிவதில்லை. ‘ஸ்டார்ட்அப் அப்ரூவ்டு’ என்ற வேறொரு சாவியில் அந்தப் பெயருக்கு எதிரே முதல் பைட் 02 இருந்தது 03 ஆகும், அவ்வளவுதான். செயலி புதுப்பிக்கும்போது வேறு பெயரில் புது ரன் வரி எழுதிக்கொண்டால் பழைய 03 அதைக் கட்டுப்படுத்தாது. அதனால் முதலில் செயலியின் சொந்த அமைப்பிலேயே நிறுத்துங்கள். வைபரில் செட்டிங்ஸ், ஜெனரல். டெலிகிராமில் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு. எட்ஜில் ‘சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்’ கீழே ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’, அதோடு மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் விருப்பம். இதன் பிறகுதான் டாஸ்க் மேனேஜர்.

பெகு வாசகன்

சயா சொன்னதோடு ஒன்று. விண்டோஸ் 10 செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ். அங்கே ‘ரீஸ்டார்ட் ஆப்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது ஆனில் இருந்தால், வெளியேறும்போது திறந்திருந்தவை லாகின் ஆனதும் மறுபடி திறக்கும். ஸ்டார்ட்அப் பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ‘டிஸேபிள் செய்தும் வருகிறது’ என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து இதுதான்.

ஃபாண்ட் அக்கா

விசைப்பலகைகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கீமேஜிக் சிறிய செயலி, டிஸ்கைத் தொடுவதே அரிது. அதை நிறுத்தி ஒரு நொடிகூட மிச்சமாகாது. அது முதல் ஆளாக எழ வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் அது உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். நாடு 2019 அக்டோபர் 1-இல் யூனிகோடுக்கு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறை) மாறியாயிற்று. யூனிகோடில் மட்டும் தட்டுவதாக இருந்தால் விண்டோஸிலேயே மியன்மா விசைப்பலகை இருக்கிறது. தமிழுக்குத் தமிழ்99-உம், 2019 மே வெளியீடு (1903) முதல் ஒலிப்பு முறை விசைப்பலகையும் உண்டு. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் பக்கத்தில் மொழியைச் சேர்த்து, ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே விசைப்பலகையைத் தேர்வு செய்தால் போதும். விண்டோஸ் சாவியும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மாறும். இவை தொடக்கச் செயலி ஆகாது, பட்டியலில் வராது.

யூனிகோடுக்கு முந்தைய பர்மிய ஃபாண்டான ஜாவ்ஜியில் பத்திரங்களைத் திருத்தித் தரச் சொல்லி இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்றால் கீமேஜிக்கை வைத்துக்கொள்ளுங்கள். என்எச்எம் ரைட்டரில் பழைய பாமினி, டாம் எழுத்துருக்களுக்குத் தட்டுகிறீர்களா, அல்லது யூனிகோட் மட்டுமா? யூனிகோட் மட்டும் என்றால் அதையும் எடுத்துவிடலாம். இரண்டு விசைப்பலகைச் செயலிகள் ஒரே நேரத்தில் சாவிகளைப் பிடிக்கும்போது ஒன்றின் எழுத்தை மற்றது தின்னும், குறுக்குச் சாவிகளும் மோதும்.

இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும்: குறிப்பிட்ட ஒரு செயலியில் மட்டும் விசைப்பலகை வேலை செய்யாது. அந்தச் செயலி நிர்வாகி உரிமையோடு ஓடுகிறதா என்று பாருங்கள். சாதாரண உரிமையில் ஓடும் விசைப்பலகைச் செயலி அந்தச் சாளரத்துக்குள் எட்டாது. தொடக்க வரிசைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தட்டச்சுக்கடை, ரங்கூன்

அக்கா, பாமினியில்தான் பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் எல்லாம். ஆகவே என்எச்எம் இருக்கட்டும். ஜாவ்ஜியும் வருகிறது.

பிரிண்டர் இரண்டு, யூபிஎஸ், ஆடியோ – இவை?

மோல்மேன் மெக்கானிக்

பிரிண்டர் வரிகள் இரண்டையும் நிறுத்துங்கள். அவை மையின் அளவைக் காட்டும் சாளரமும் புதுப்பிப்பு தேடுவதும்தான். அச்சுக்கு வேண்டியது டிரைவரும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சர்வீஸும். ஸ்பூலரைத் தொடவே கூடாது. ஸ்கேனர் பொத்தானை அழுத்தினால் கணினியில் சாளரம் திறக்கவேண்டும் என்றால் மட்டும் ஒன்று தேவைப்படலாம். நிறுத்தியபின் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

ஆடியோ மேனேஜரை நிறுத்தினாலும் ஒலி வரும், ஹெட்ஃபோன் செருகும்போது வரும் அறிவிப்புதான் போகும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான்’ என்பது வெறும் படம், அதை நிறுத்தினால் பாதுகாப்பு நிற்காது. நிறுத்தி மிச்சமாவதும் ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். மடிக்கணினிக்காரர்கள் டச்பேட் வரியை எடுத்துவிட்டு இரண்டு விரல் ஸ்க்ரோல் போய்விட்டது என்று வருவார்கள், அதையும் தொடாதீர்கள்.

யூபிஎஸ் மென்பொருள் கட்டாயம் இருக்கட்டும். நம் ஊரில் முதலில் எழவேண்டியதே அதுதான். பேட்டரி தீரும் முன் கணினியை முறையாக மூடுவது அந்தச் சிறு செயலிதான், அதை நிறுத்தினால் யூபிஎஸ் வாங்கியதில் பாதிப் பயன் போச்சு. யூபிஎஸ்ஸிலிருந்து யூஎஸ்பி கம்பி கணினிக்குப் போகிறதா என்றும் பாருங்கள், பல கடைகளில் அந்தக் கம்பி பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

பெகு வாசகன்

14 வரிகளை ஒவ்வொன்றாக அலசுவதைவிட ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போடச் சொல்லுங்கள். சுழலும் டிஸ்க் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு தடவைக்குள்தான் எட்டிப் பிடிக்கும். நாலு செயலி ஒரே நேரத்தில் கேட்டால் ஊசி அங்குமிங்கும் ஓடியே நேரம் போகும். எஸ்எஸ்டியில் இந்தப் பிரச்சினையே பிறக்காது. அதோடு ரெஜிஸ்ட்ரியில் ‘எக்ஸ்ப்ளோரர்’ கீழே ‘சீரியலைஸ்’ என்று ஒரு சாவி உண்டாக்கி, ‘ஸ்டார்ட்அப்டிலே இன் எம்செக்’ மதிப்பை 0 ஆக்கினால் விண்டோஸ் தானாக வைக்கும் தாமதமும் போய்விடும்.

சயா, தட்டோன்

எஸ்எஸ்டி சரி. இரண்டாவது யோசனையை ஹார்ட் டிஸ்க் உள்ளவர்கள் செய்யவேண்டாம். அந்தத் தாமதத்தை விண்டோஸ் வைத்ததே டெஸ்க்டாப் முதலில் எழட்டும் என்றுதான். 0 ஆக்கினால் டெஸ்க்டாப்பும் செயலிகளும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும்.

எஸ்எஸ்டி போட்டாலும் 4 ஜிபி ராம் அப்படியேதான் இருக்கும். தொடக்கத்தில் எழுந்தவை உட்கார்ந்துகொண்டே இருந்தால் பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் பேஜ் ஃபைலுக்கு (ராம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) போகும். ஆகவே அலசல் எப்படியும் வேண்டும். நான்காம் தலைமுறைக்கு டிடிஆர்3 ராம், வாங்குகிறவர்கள் டிடிஆர்4-ஐ வாங்கிவிடாதீர்கள், காடியே பொருந்தாது.

கரண்ட் வந்த கையோடு நடக்கும் இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. ரவுட்டரும் கணினியும் ஒரே நேரத்தில் எழுகின்றன. ரவுட்டருக்கு இணைப்பு வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். அதற்குள் லாகின் ஆனால் ஒன்டிரைவ், வைபர், டெலிகிராம் எல்லாம் நெட்டைத் தேடித் தோற்று மறுபடி மறுபடி முயலும். கடையில் இன்னொரு கணினியின் கோப்புறையை நெட்வொர்க் டிரைவாக இணைத்திருந்தால் இன்னும் மோசம். அது எழும்வரை ‘திஸ் பிசி’ திறக்கும்போதே உறைந்து நிற்கும். நெட் தேவைப்படுபவற்றை மூன்று நிமிடம் தள்ளி எழுப்புவதுதான் இங்கே வழி. நிறுத்த வேண்டியதில்லை.

தட்டச்சுக்கடை, ரங்கூன்

சயா, வைபரில்தான் ஆர்டர் வருகிறது, நிறுத்த முடியாது. தள்ளி எழுப்புவது எப்படி?

சயா, தட்டோன்

டாஸ்க் ஷெட்யூலர் வழியாக. முதலில் டாஸ்க் மேனேஜரின் கமாண்ட் லைன் நிரலில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வைபரின் அமைப்பில் தானாகத் தொடங்குவதை நிறுத்துங்கள். இதை மறந்தால் இரண்டு முறை எழும்.

டாஸ்க் ஷெட்யூலரில் ‘கிரியேட் டாஸ்க்’ எடுங்கள். ‘பேசிக் டாஸ்க்’ வேண்டாம், அதில் தாமதம் வைக்க இடமில்லை. ஜெனரல் பக்கத்தில் ‘ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்டு ஆன்’ இருக்கட்டும். மற்றதைத் தேர்ந்தால் செயலி கண்ணுக்குத் தெரியாத அமர்வில் ஓடும், சாளரமே வராது. ட்ரிகர்ஸில் ‘அட் லாக் ஆன்’, உங்கள் பயனர் பெயர் மட்டும். ‘டிலே டாஸ்க் ஃபார்’ கட்டத்தில் ‘3 மினிட்ஸ்’ என்று கையால் தட்டலாம், பட்டியலில் உள்ளதைத்தான் எடுக்கவேண்டும் என்றில்லை. ஆக்‌ஷன்ஸில் ஓடுகோப்பின் பாதை மேல் கட்டத்தில், அதற்குப் பின்னால் இருந்த சொற்கள் ‘ஆர்க்யூமெண்ட்ஸ்’ கட்டத்தில். இரண்டையும் ஒன்றாக ஒட்டினால் ஓடாது.

இனி பலரும் கோட்டை விடும் இடம் ‘கண்டிஷன்ஸ்’ பக்கம். ‘ஏசி பவர் இருந்தால் மட்டும் தொடங்கு’ என்பது இயல்பாகவே டிக் ஆகியிருக்கும். மடிக்கணினி பேட்டரியில் இருக்கும்போதும், யூஎஸ்பி வழியே யூபிஎஸ்ஸை விண்டோஸ் பேட்டரியாகக் காணும்போதும், கரண்ட் இல்லாத நேரத்தில் லாகின் ஆனால் டாஸ்க் பேசாமல் இருந்துவிடும். டிக்கை எடுங்கள். ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து’ என்பதையும் எடுங்கள்.

இப்படி எழும் செயலிக்கு முன்னுரிமை சற்றுக் குறைவாகவே கிடைக்கும். வைபருக்கு அது நல்லதே. விசைப்பலகையை இந்த வழியில் எழுப்பாதீர்கள், அதற்கு ரன் சாவியே சரி.

நிர்வாகி உரிமை கேட்கும் செயலிகளுக்கு மட்டும் வேறு கதை. அவற்றை ரன் சாவியிலோ கோப்புறையிலோ வைத்தால் லாகினில் எழாமல் போகும். டாஸ்க் ஷெட்யூலரில் ‘ரன் வித் ஹையஸ்ட் ப்ரிவிலெஜஸ்’ டிக் செய்தால்தான் எழும்.

மோல்மேன் மெக்கானிக்

சர்வீஸ்களுக்கும் இதேபோல ஒன்று உண்டு. ‘ஆட்டோமேட்டிக் (டிலேய்டு ஸ்டார்ட்)’ என்று மாற்றினால் மற்ற தானியங்கி சர்வீஸ்கள் எழுந்து சுமார் 2 நிமிடம் கழித்துத்தான் எழும். அப்டேட்டர் சர்வீஸ்களுக்கு இது போதும், டிஸேபிள் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களில் கை வைக்காதீர்கள்.

ஃபாண்ட் அக்கா

அந்த ‘ப்ரோகிராம்’ வரியை எல்லாரும் மறந்துவிட்டீர்களே.

பெகு வாசகன்

அது இரண்டில் ஒன்றாக இருக்கும். ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பெயரில் நடுவே இடைவெளி இருக்கிறது. ரன் வரியில் பாதையை மேற்கோள் குறிக்குள் போடாமல் எழுதியிருந்து, செயலியும் நீக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் முதல் சொல்லோடு நின்று ‘ப்ரோகிராம்’ என்று காட்டும். இது செத்த வரி, தீங்கில்லை.

இன்னொன்று புழு. கடையில் தினமும் எத்தனையோ பேருடைய பென்டிரைவ் செருகுகிறீர்கள், ஆகவே இதைத் தள்ளிவிட முடியாது. கமாண்ட் லைன் நிரலில் ‘டபிள்யூஸ்கிரிப்ட்’ என்றோ, ‘ஆப்டேட்டா’ அல்லது ‘டெம்ப்’ கோப்புறையில் உள்ள விபிஎஸ் கோப்பு என்றோ இருந்தால் அதுதான். பென்டிரைவில் கோப்புறைகள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட் மட்டும் தெரிவது இதன் மறுபக்கம்.

வரிசை முக்கியம். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஓடிக்கொண்டிருக்கும் டபிள்யூஸ்கிரிப்டை முடியுங்கள். ஓடவிட்டு வரியை அழித்தால் உடனே மறுபடி எழுதிக்கொள்ளும். பிறகு ரன் வரி, பிறகு இரண்டு ஸ்டார்ட்அப் கோப்புறைகளிலும் உள்ள நகல், பிறகு மூலக் கோப்பு. டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஒருமுறை ஓடட்டும். பென்டிரைவில் மறைந்தவற்றை மீட்க, கமாண்ட் சாளரத்தில் ‘அட்ரிப்’ கட்டளையை மைனஸ் எச், மைனஸ் எஸ், மைனஸ் ஆர் சேர்த்து, கீழ்க் கோப்புறைகளையும் உட்படுத்திக் கொடுங்கள்.

சயா, தட்டோன்

இதற்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ‘ஆட்டோரன்ஸ்’ இறக்கிக்கொள்வது நல்லது. நிறுவத் தேவையில்லை, நிர்வாகி உரிமையோடு திறந்தால் போதும். ரன் சாவி, டாஸ்க், சர்வீஸ், டிரைவர் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்’ போட்டுவிட்டுப் பாருங்கள், பட்டியல் பாதியாகும். மஞ்சள் வரி என்றால் கோப்பே இல்லை, இளஞ்சிவப்பு என்றால் கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை. இளஞ்சிவப்பு எல்லாம் வைரஸ் அல்ல. சிறு விசைப்பலகைச் செயலிகள் பலவற்றுக்குக் கையொப்பம் இருக்காது, பயந்துபோய் அழித்துவிடாதீர்கள். டிக்கை மட்டும் எடுத்தால் மறுபடி வைக்கலாம். டெலீட் கொடுத்தால் திரும்பாது.

மோல்மேன் மெக்கானிக்

எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸின் தொடக்க அமைப்புச் சாளரம்) திறக்கிறவர்களுக்கு: ‘பூட்’ பக்கத்தில் ‘நம்பர் ஆஃப் ப்ராசஸர்ஸ்’ டிக் செய்தால் வேகம் கூடும் என்பது வீடியோக்களில் சுற்றும் கட்டுக்கதை. டிக் இல்லாதபோதே விண்டோஸ் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும். ‘சேஃப் பூட்’ டிக்கையும் விளையாட்டாக வைக்காதீர்கள், எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுக்கே போகும். எந்தச் சர்வீஸ் படுத்துகிறது என்று தேட மட்டும் எம்எஸ்கான்ஃபிக் நல்லது: ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ போட்டுவிட்டு மிச்சத்தில் பாதியை நிறுத்தி ரீஸ்டார்ட், சரியாகாவிட்டால் மறுபாதி.

ஃபாண்ட் அக்கா

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, நான்காம் தலைமுறை சிப்புக்கு 11 முறைப்படி ஏறாது. லினக்ஸ் மின்ட் பக்கம் போகிறவர்களுக்கு அங்கே ‘ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்’ சாளரத்திலேயே ஒவ்வொன்றுக்கும் தாமத நொடி போட இடம் இருக்கிறது. ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ கட்டளை சர்வீஸ் வாரியாக நேரம் சொல்லும். ஆனால் அந்த எண்களைக் கூட்டக் கூடாது, பல ஒரே நேரத்தில் ஓடுபவை. ‘கிரிட்டிகல்-செயின்’ தான் உண்மையில் யாருக்காக யார் காத்திருந்தார் என்று காட்டும்.

தட்டச்சுக்கடை, ரங்கூன்

‘ப்ரோகிராம்’ வரி நீக்கிய பழைய பிரிண்டர் மென்பொருளுடையது, கோப்பு இல்லை. பிரிண்டர் வரிகள், ஆடியோ, எட்ஜ் நிறுத்தியாயிற்று. வைபர் 3 நிமிடம், டெலிகிராம் 4 நிமிடம், ஒன்டிரைவ் 6 நிமிடம் டாஸ்கில். போஸ்ட் பூட் இப்போது 74,000. கரண்ட் வந்து வந்து போகும்போது கணினி தானாக ஆன் ஆகிக்கொள்கிறது, அதைத் தடுக்க வழி உண்டா?

மோல்மேன் மெக்கானிக்

பயாஸில் (கணினி ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அமைப்பு) பவர் பக்கம். ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ அல்லது ‘ஏசி பேக்’ என்று இருக்கும். ‘பவர் ஆஃப்’ வையுங்கள். ‘லாஸ்ட் ஸ்டேட்’ வைத்தால் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனதால் மறுபடி எழும், எழும் நடுவிலேயே மறுபடி போகும், டிஸ்க்தான் அடி வாங்கும். ஆஃபில் வைத்துவிட்டு, ஸ்டெபிலைசரில் முள் நிலையாக நின்றதும், ரவுட்டரில் இணைப்பு விளக்கு வந்ததும் கையால் ஆன் செய்யுங்கள். அப்படிச் செய்தால் ஒன்டிரைவுக்கு 6 நிமிடம்கூட வேண்டியதில்லை, 4 போதும்.